ஒளிஞ்சுக்கிற வகுப்பு

உக்காருங்க, காலிதானுங்க இது. பையை இப்படி எடுத்துக்கறேன். நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு, தப்பா நெனைக்காதீங்க. "சரிங் கண்ணு, தோஹா வந்துட்டேன் கண்ணு"ன்னீங்களே, அங்கயே தெரிஞ்சுபோச்சு நம்ம பக்கம்னு. உடுமலையா? பாத்தீங்களா. நமக்கு ஈரோடுங்க. மஞ்சள் மண்டி. தெய்வசிகாமணின்னு மண்டியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இப்ப பையன் பாத்துக்கறான், நான் சும்மா போய் உக்காந்துட்டு வருவேன்.

மகனைப் பாக்கப் போறீங்களா. மொதத் தடவையா? நல்லது. நான் என்ற புள்ளை வீட்டுல இருந்து திரும்பி வர்றேன். டெக்சாஸுங்க. ஆறு மாசம் இருக்கறதாத்தான் போனது, பாதியிலயே கெளம்பிட்டேன். உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அந்த ஊரு புடிக்கல. அங்க இருக்கற ஆளுகளைச் சுத்தமா புடிக்கல. உங்க பிளேனுக்கு இன்னும் நேரம் இருக்குதுல்ல? என்னுதுக்கும் இருக்குது. சொல்றேன், கேட்டுக்குங்க. போற ஊரைப் பத்தித் தெரிஞ்சுட்டுப் போறது நல்லதுதானே.

என்ற புள்ளை பேரு சுகுணா. மாப்ளை நவநீதன், கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பையன், ஆனா அம்மா பேச்சைத் தட்டமாட்டான். அந்தம்மாளும் அப்ப அங்கதான் இருந்தாங்க. என்ற சம்பந்தி. வசந்தாமணின்னு பேரு, தாராபுரம். வீட்டுக்காரர் தவறிப் பல வருசம் ஆச்சு. நகராட்சி ஆபீசுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க. பென்சன் வருது, அதனால யாரு பேச்சையும் கேக்க வேண்டியதில்லை பாருங்க.

வயசான காலத்துல சோத்தைத் தின்னமா, டிவியைப் பாத்தமானு இருக்கோணும். இந்தம்மா அப்படியில்லை. அந்த ஊரு லைப்ரரியில ஓசியா என்ன வகுப்பு போட்டாலும் மொத ஆளாப் போய் உக்காந்துக்குவாங்க. இங்கிலீசு வகுப்பு, செடி வளக்கற வகுப்பு, போன்ல பணம் கட்டற வகுப்பு. தெரியாத இங்கிலீசுல கையை வேற தூக்கிக் கேள்வி கேப்பாங்க. நானா இருந்தா நாக்கைப் புடுங்கிக்குவேன்.

ஒரு நாள் சுகுணா சொன்னா, அப்பா, நாளைக்கு ஒரு வகுப்பு இருக்குது, நீங்களும் கட்டாயம் வரோணும்னு. என்ன வகுப்புன்னேன். கடை கண்ணியில, கோயில்ல, எங்கயாவது நாம இருக்கறப்ப எவனாவது துப்பாக்கியோட வந்து சுட ஆரம்பிச்சா சாதாரண சனங்க என்ன பண்ணோணும்னு போலீஸ்காரரே வந்து சொல்லித் தர்றாருன்னா.

நான் சிரிச்சுட்டேன். நீங்களும் சிரிக்கறீங்க பாத்தீங்களா. நம்மூர்ல போலீஸ்காரன் சுடறவனைப் புடிப்பான். அங்க போலீஸ்காரன் சனங்களுக்கு ஒளிஞ்சுக்கச் சொல்லித் தர்றான். அதுக்கு ஒரு ஹாலு, ஒரு மைக்கு, ஒரு படம், வெளியே பிஸ்கட்டும் காப்பியும்.

போனேன். போய் உக்காந்தேன். என்ன சொன்னாருங்கறீங்க? மொதல்ல ஓடு. ஓட முடியலைன்னா ஒளிஞ்சுக்கோ. ஒளியவும் வழியில்லைன்னா, அப்ப மட்டும் கையில கெடைச்சதை எடுத்து அடி. இவ்வளவுதாங்க. இதுக்கு ஒரு மனுசன் காக்கியைப் போட்டுட்டு வந்து ஒரு மணி நேரம் பேசறாரு. ஓடறப்ப பையைத் தூக்கிட்டு நிக்காதீங்களாம். யாரு வரமாட்டேன்னாலும் அவங்களுக்காகக் காத்திருக்க வேண்டாமாம். ரூமுக்குள்ள போனா கதவைப் பூட்டி, கனமானதைத் தள்ளி முட்டுக் குடுத்து, லைட்டை அணைச்சு, போனைச் சத்தமில்லாமப் பண்ணி, கதவுக்கு நேரா நிக்காம செவுத்தோரமா உக்காரோணுமாம். போலீஸ் வந்தா விரிச்ச கையை மேல தூக்கிட்டு வரோணுமாம். நான் சுகுணா காதுல சொன்னேன், இத்தனை வெவரமாப் பயப்படறதுக்கு நம்மூர்ல ஒருத்தனுக்கும் தெரியாது கண்ணுன்னு. அவ உஸ்ஸுன்னுட்டா.

சம்பந்தியம்மா முன் வரிசை. கண்ணைச் சிமிட்டாம கேட்டுட்டிருந்தாங்க. முடிஞ்சதும் அந்த போலீஸ்காரர்கிட்டப் போயி என்னமோ கேட்டாங்க, அவரு கதவுகிட்டக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டிருந்தாரு.

அதுல இருந்து புடிச்சதுங்க சனி. எங்க போனாலும், உள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா அந்தம்மா கேக்கற மொதக் கேள்வி, பின்வாசல் எங்க இருக்குதுங்கறதுதான். ஓட்டலுக்குப் போனா பின்வாசல். பல் ஆஸ்பத்திரிக்குப் போனா பின்வாசல். கோயிலுக்குப் போயி சாமி கும்பிடறதுக்கு முன்னால அய்யர்கிட்டப் பின்வாசலைக் கேட்ட ஒரே பொம்பளை அந்தம்மாவாத்தான் இருக்கும். எனக்கு மானமே போச்சு. நான் நேராச் சொன்னேன், சம்பந்தியம்மா, சாவு வரோணும்னா எந்த வாசல்லயும் வரும்னு. அதுக்கு அவங்க, வரட்டுங் சம்பந்தி, நாம எந்த வாசல்ல போறதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கறதுல என்ன தப்புன்னாங்க. பதிலுக்குப் பதில். நகராட்சி ஆபீசுப் பேச்சு.

நான் யாருன்னு அந்தம்மாவுக்குத் தெரியாதுங்க. ஒரு வருசம் மண்டியில எடை போடறதுல தகராறு வந்து ரெண்டு கோஷ்டி அரிவாளைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. கடைக்காரனுக எல்லாம் ஷட்டரை எறக்கிட்டானுக. நான் ஒருத்தன் நடுவுல போய் நின்னு, கீழ போடுங்கடான்னேன். போட்டுட்டானுக. ஏட்டய்யாவும் நாலு போலீசும் பின்னால நின்னாங்க, அது வேற விசயம். பேசுனது யாரு? நானு.

இதையெல்லாம் அங்க புரிஞ்சுக்கிட்டவர் ஒரே ஒருத்தர்தானுங்க. சாம்பசிவராவ்னு பேரு. குண்டூர்க்காரர். மின்வாரியத்துல என்ஜினீயரா இருந்து ரிட்டையர் ஆனவரு. மெட்ராசுல ரொம்ப வருசம் இருந்ததால தமிழ் நல்லாப் பேசுவாரு. மகன் வீட்டுக்கு வந்திருந்தாரு, எங்க தெருவுக்குப் பக்கத்துத் தெரு. காலையில பார்க்குல ரெண்டு பேரும் நடப்போம். என்னைத் தெலுங்கு மரியாதையில "சிகாமணி காரு, சிகாமணி காரு"ன்னு கூப்பிடுவாரு. அத்தனை படிச்ச மனுசன், நான் பேசுனா நின்னு கேப்பாரு. நடக்கறதையே நிறுத்திட்டுக் கேப்பாரு.

இந்த ஒளிஞ்சுக்கிற வகுப்புக் கதையை அவருகிட்ட நடிச்சே காட்டுனேன். சம்பந்தியம்மா பின்வாசல் தேடற மாதிரி. வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சாரு. அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு, நெசமாவே வந்துட்டா நாம என்ன பண்றது சிகாமணி காருன்னு கேட்டாரு.

நான் சொன்னேன்: "அவனும் ஒரு தாய் பெத்த புள்ளைதானுங்க. எல்லாரும் ஓடறதைப் பாத்தாத்தான் அவனுக்கு வெறி ஏறும். நம்ம வயசு ஆளு ஒருத்தர் ஓடாம எதுக்க போய் நின்னு, தம்பின்னு கூப்பிட்டா, கை தானா எறங்கிரும்."

அவரு யோசிச்சாரு. அப்பறம், நீங்க சொல்றது நியாயமாத்தான் படுதுன்னாரு. அதுக்கப்பறம் பல நாள் அவரே இந்தப் பேச்சை எடுத்து, மறுக்கா மறுக்கா மண்டிக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேப்பாரு. அவரு வீட்டுல அவரு பேச்சை யாரும் கேக்கறதில்லை போலிருக்குது. என்கிட்ட வந்தா முகம் தெளிஞ்சிரும்.

அய்யோ, என்னங்க அது சத்தம்? பெட்டி விழுந்துச்சா. எத்தனை பேரு இருக்கற எடம், பெட்டியைப் பாத்து வெக்க மாட்டாங்களா. இல்லீங்க, ஒண்ணுமில்லை. செருப்பு சீட்டுக்கடியில போயிருச்சு, அதைத்தான் குனிஞ்சு தேடுனேன். நீங்க உக்காருங்க.

எங்க விட்டேன்? ஆமா. அன்னைக்குச் சனிக்கெழமைங்க, காலை நேரம். மாப்ளை எங்க ரெண்டு பேரையும் நம்மாளுக மளிகைக் கடையில எறக்கி விட்டுட்டு வண்டிக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தான். பெரிய கடை. முன்னால காய்கறி, நடுவுல வரிசை வரிசையா பருப்பு, மசாலா, கடைசியில அரிசி. அதுக்கும் பின்னால சரக்கு வெக்கற ரூம். உள்ள போனதும் சம்பந்தியம்மா வழக்கம்போலப் போய்ப் பின்வாசலைப் பாத்துட்டு வந்து, அப்பறம்தான் கூடையை எடுத்தாங்க. அவங்க பருப்புப் பக்கம் போய்ட்டாங்க. நான் முன்னால வெண்டைக்காய் பொறுக்கிட்டிருந்தேன். ராவும் வந்தாரு, கறிவேப்பிலை வாங்க. வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பாக்கக் கூடாதாமே இங்கன்னு ரெண்டு பேரும் சிரிச்சுட்டிருந்தோம்.

படார்னு ஒரு சத்தம். டப்பா அடுக்கு சரிஞ்சிருச்சுன்னு நெனைச்சேன். மறுக்கா. பில் போடற எடத்துல ஒருத்தன் காலைப் புடிச்சுட்டு உக்காந்தான். வாசல்ல ஒரு பையன் நின்னான். மீசை கூடச் சரியா மொளைக்கலைங்க. கையில நீளமாத் துப்பாக்கி.

சனங்க ஓடுச்சு பாருங்க. தள்ளுவண்டியை விட்டுட்டு, செருப்பை விட்டுட்டு. நல்லாத் தின்னு வளந்த ஆம்பளைக, ஜிம்முக்குப் போற ஆளுக, பின்னால திரும்பாம ஓடுறாங்க. எனக்கு அருவருப்பா இருந்துச்சு. எல்லாரும் பின்னாடி ஓட, ஒரே ஒரு ஆளு மட்டும் முன்னாடி வருது. யாருங்கறீங்க? சம்பந்தியம்மா. இதைத்தான் சொல்ல வந்தேன். அத்தனை வகுப்புக்குப் போனாங்களே, யாருக்காகவும் காத்திருக்காம ஓடுன்னுதானே அந்தாளு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு? பருப்பு வரிசையில இருந்து நாலு எட்டு வெச்சாப் பின்கதவு. போக வேண்டியதுதானே. அதை விட்டுட்டு, குனிஞ்ச மேனிக்கு நான் இருக்கற பக்கம் வர்றாங்க. சொல்லித் தந்ததைக் கூட ஒழுங்காச் செய்யத் தெரியலைங்க.

வந்து என்ற கையைப் புடிச்சு இழுத்தாங்க. அந்தப் பக்கம் ராவ் ஓடலை. அவர் ஒருத்தர்தான் ஓடலை. கறிவேப்பிலையைக் கீழ வெச்சுட்டு, ஒரு கையை இப்படித் தூக்கிட்டு, "பாபு, பாபு"ன்னு, தெலுங்குல தம்பின்னு, சொல்லிட்டே அந்தப் பையனைப் பாத்து நடந்து போனாரு. ஆம்பளைங்க அவரு. நானும் போயிருப்பேன். இந்தப் பொம்பளை என்ற கையைப் புடிச்சிருந்தாங்களே. ராவ் அய்யா, இங்க வாங்கன்னு அந்தம்மா ஒரு சத்தம் குடுத்தாங்க. அவரு காதுல வாங்கல. அப்பறம் என்னை இழுத்துட்டு ஓடுனாங்க.

பின்கதவுல போய் மோதுனா, அது அரையடிக்கு மேல தொறக்கல. வெளியே எவனோ சரக்கு லாரியை ஒட்டி நிறுத்திப்போட்டுப் போய்ட்டான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. தேடித் தேடிப் பாத்த பின்வாசலோட லட்சணம். சிரிக்க முடியல, அது வேற. எங்களுக்கு முன்னால வந்தவங்க பாதிப் பேரு பக்கவாட்டு வழியில போய்ட்டாங்களாம். அதுக்குள்ள சத்தம் கிட்ட வந்திருச்சு. ஓடிப் பூந்த சரக்கு ரூமுல நாங்க ரெண்டு பேரு, ஒரு வடநாட்டுப் புருசன் பொஞ்சாதி, கடையில வேலை பாக்கற ஒரு பொண்ணு.

அந்தம்மா ஆட்டி வெச்ச ஆட்டம் இருக்குதே. லைட்டை அணைங்கறாங்க. மூட்டையைத் தள்ளுங்கறாங்க. தமிழ்லதான் சொல்றாங்க, அந்த வடநாட்டுக்காரன் தலையாட்டிட்டே தள்றான். அந்தப் பொண்ணு தேம்பிட்டிருந்துச்சு, அதையும் தள்ளச் சொல்லிட்டாங்க, அழுகை நின்னுபோச்சு. அரிசி மூட்டை ஒண்ணு மேல ஒண்ணா கதவுக்கு முட்டு. எல்லாரையும் செவுத்தோரமா உக்கார வெச்சாங்க. நகராட்சி ஆபீசுல வரி கட்டாதவனை வரிசையில நிக்க வெக்கறாப்பல. என்ற சட்டைச் சோப்புல கையை விட்டுப் போனை எடுத்துச் சத்தத்தை நிறுத்துனாங்க. கேட்டு எடுத்தாங்களா? இல்லை. ஒரு அந்நிய ஆம்பளை சட்டைப் பையில கையை விடறோமேன்னு ஒரு கூச்சம் வேண்டாமுங்களா?

அதோட விடலை. நான் முருகா முருகான்னு மெதுவாச் சொல்லிட்டிருந்தேன். மனசுக்குள்ள சொல்ற மாதிரிதான். அந்தம்மா வந்து என்ற வாயைப் பொத்துனாங்க. உள்ளங்கையை வெச்சு, அழுத்தி. என்ற சம்சாரம் கூட என்ற வாயைப் பொத்துனதில்லைங்க. அம்பது வருசமா நான் பேசுனா மண்டியே அடங்கும். கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம். கைப்பிடி திருகுச்சு. ஒரு தடவை தள்ளுனான். மூட்டை அசையல. மறுக்காத் தள்ளுனான். அந்தம்மா கதவோரச் செவுத்துல சாஞ்சுட்டு, காலை நீட்டி மூட்டையை மிதிச்சுட்டு, ஒரு கையில ஒரு பெரிய எண்ணெய் டின்னைத் தூக்கி வெச்சுட்டு, இன்னொரு கையால என்ற வாயைப் பொத்திட்டு இருந்தாங்க. பாவம், பொம்பளை, பயமா இருக்குமேன்னு நான் அவங்க சீலைத் தலைப்பைக் கெட்டியாப் புடிச்சுட்டேன். ஒரு ஆளு கூட இருக்கறோம்னு தெரியோணுமில்ல. கெட்டியாத்தான் புடிச்சிருப்பேன் போலிருக்குது, தலைப்பு கிழிஞ்சுபோச்சு.

காலடி போயிருச்சு. அதுக்கப்பறமும் வெளியே விடலை. என்ற பேண்ட் எல்லாம் ஈரம். எளநீர் டப்பா ஏதோ ஒழுகியிருக்குதுங்க அந்த ரூமுல. அப்பறம் போலீஸ் வந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டப்ப, அந்தம்மா தன்னோட ஸ்வெட்டரைக் கழட்டி என்கிட்டக் குடுத்தாங்க. "குளுருது சம்பந்தி, இடுப்புல கட்டிக்குங்க"ன்னாங்க. பொம்பளை ஸ்வெட்டர். பூப்போட்டது. வேண்டாம்னா கேக்கல, அவங்களே சுத்திக் கட்டிவிட்டுட்டாங்க. அதோட கையை மேல தூக்கச் சொன்னாங்க. இந்தக் கையை நான் எவனுக்கும் தூக்குனதில்லை. அந்தம்மாவே என்ற மணிக்கட்டைப் புடிச்சுத் தூக்கிட்டாங்க. இடுப்புல பூப்போட்ட ஸ்வெட்டரு, மேல தூக்குன கையி, அத்தனை போலீசு, டிவிக்காரனுக. இதுதானுங்க நான் அமெரிக்கா போய்க் கண்ட மரியாதை.

அந்தப் பையனா? அவன் வெளியே வண்டி நிறுத்தற எடத்துல போலீசு கையால முடிஞ்சான். ஏன் வந்தான், எதுக்கு வந்தான்னு யாருக்கும் தெரியல. கடையில ரெண்டு பேருக்குக் காயம், பொழைச்சுட்டாங்க. செத்தது ராவ் மட்டும்தான்.

ராவ் மட்டும்தானுங்க.

காப்பி வேணுமா? நான் வாங்கியாரட்டுமா? சரி, வேண்டாம்னா விடுங்க.

அடுத்த வாரம் கோயில் ஹால்ல எல்லாரும் கூடுனாங்க. நம்ம சனம்தான், தமிழு, தெலுங்கு, குஜராத்தி எல்லாம். ராவ் படத்துக்கு மாலை போட்டு அஞ்சலி. அதோட, காப்பாத்துனவங்களுக்கு நன்றி சொல்றதாம். அந்த வடநாட்டுக்காரன் மைக்கைப் புடிச்சுட்டு ஆண்ட்டி ஆண்ட்டின்னு அழுகறான். ஆம்பளை, மேடையில நின்னு அழுகறான். அப்பறம் சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டாங்க. பொன்னாடையோட நிக்கறாங்க. அந்தம்மா போயி, மைக்குல ரெண்டே வார்த்தை. "நான் ஒருத்தி ஒண்ணும் பண்ணலீங்க. கதவுகிட்ட என்ற சம்பந்தி இருந்தாங்க, அந்தத் தைரியந்தான்." சொல்லிட்டு என்னைக் கையைக் காட்டிட்டாங்க. சனமெல்லாம் எந்திரிச்சுக் கைதட்டுது. பொன்னாடையை எனக்குப் போத்துனாங்க. பையில இருக்குது, காட்டறேன், அப்பறமாக் காட்டறேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு எடத்துல மட்டும் அந்தம்மா உள்ளதைச் சொன்னாங்க. சுகுணா மட்டும் கைதட்டல. தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தா.

கூட்டம் முடிஞ்சு சாப்பிடற எடத்துல ராவோட மகன் என்கிட்ட வந்தான். கிஷோர்னு பேரு. மெட்ராசுல படிச்ச பையன், தமிழ் பேசுவான். மொட்டை அடிச்சிருந்தான். அங்கிள், நீங்கதான் கடைசியா அப்பா பக்கத்துல இருந்தீங்களாமேன்னான். ஆமா தம்பின்னேன். கையில இருந்த தட்டைப் பாத்தான். அப்பறம் கேட்டான்:

"அப்பாவுக்கு ஓட நேரம் இருந்துச்சா அங்கிள்?"

நான் அவன் தோள்ல கையை வெச்சுச் சொன்னேன். "தம்பி, உங்கப்பா ஓடற ஆளு இல்லை. எல்லாரும் ஓடுனப்ப அவர் ஒருத்தர்தான் நிமிர்ந்து நடந்தாரு. நேரமெல்லாம் இருந்துச்சு. அவரு வேண்டாம்னுட்டாரு."

பெருமைப்படுவான்னு நெனைச்சேங்க. ஒரு மகனுக்கு இதைவிட என்ன வேணும்? அவன் என்னைப் பாத்த பார்வை இருக்குதே. தட்டை அப்படியே வெச்சுட்டான். அதுக்குள்ள இந்தம்மா எங்க இருந்தோ வந்து நடுவுல பூந்து, "நேரமே இல்லை கண்ணு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நேரமே இல்லை"ன்னு அவன் கையைப் புடிச்சுட்டாங்க. அந்தப் பையன் அந்தம்மா தோள்ல சாஞ்சுட்டு அழுதான்.

பச்சைப் பொய்யிங்க. நாங்க ஓடுன வழி அவருக்கும்தானே தொறந்து கெடந்துச்சு. அந்தம்மாவே கூப்பிட்டாங்களே. கார்ல வர்றப்ப நான் விடலை. என்னங் சம்பந்தியம்மா, ஒருத்தர் வீரத்தைப் போய் இப்படி மறைக்கலாமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் சன்னலுக்கு வெளியவே பாத்துட்டு வந்தாங்க. அப்பறம், "அந்தப் பையன் இனி ராத்திரி தூங்கோணுமில்லீங் சம்பந்தி"ன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் சுகுணா கேட்டா, பார்க்குல ராவ் அங்கிள்கிட்ட நீங்க என்னப்பா பேசுவீங்கன்னு. அந்த கிஷோர்கிட்ட அவங்கப்பா சொல்லியிருக்காராம், துப்பாக்கி வெச்சிருக்கறவனை எப்படிச் சமாளிக்கறதுன்னு ஈரோட்டு சிநேகிதர் சொன்னாருன்னு. நான் நடந்ததைச் சொன்னேன். மண்டிக் கதை, தம்பின்னு கூப்பிட்டாக் கை எறங்கும்னு சொன்னது, எல்லாம். என்னை நம்பி ஒரு என்ஜினீயர் நடந்திருக்காரு, அதைச் சொல்றதுல எனக்கென்ன? அவ கேட்டுட்டே இருந்தா. அப்பறம் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. மக்கா நாள் விடிஞ்சா என்ற டிக்கெட்டு மாறியிருந்துச்சு. நானே கெளம்பறதாத்தான் இருந்தேன், அவ முந்திக்கிட்டா, அவ்வளவுதான்.

ஏர்போர்ட்டுக்கு சம்பந்தியம்மாவும் வந்தாங்க. உள்ள போறப்ப, யாருக்கும் கேக்காம ஒண்ணு சொன்னாங்க. "தூக்கம் வரலைன்னா எந்நேரமானாலும் போன் பண்ணுங் சம்பந்தி. எனக்கும் வர்றதில்லை." என்னத்தைச் சொல்றது. அவங்களுக்கு வர்றதில்லைன்னா எல்லாருக்கும் வராதா? நான் நல்லாத் தூங்கறேன். பிளேன்ல தூங்கல, அது பின் சீட்டுக்காரன் சிப்ஸ் பாக்கெட்டைப் படார் படார்னு ஒடைச்சுட்டே வந்தான்.

அதனால உங்களுக்குச் சொல்றேன். அங்க போனதும் உங்க பையனும் இந்த மாதிரி வகுப்புக்குக் கூப்பிடுவான். போகாதீங்க. ஓடறதுக்கும் ஒளியறதுக்கும் ஒரு வகுப்பா? அங்க வாழற சனத்துக்கு உசுரு ஒண்ணுதான் பெருசு. நம்மளை மாதிரி ஆளுகளுக்கு அப்படியில்லை. நீங்க பாட்டுக்கு நிமிர்ந்து… என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? இன்னும் கூப்பிடலையே. போன் பண்ணோணுமா? மகனுக்கா? பண்ணுங்க, பண்ணுங்க. ஒரு நிமிசம்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. இதை நான் சுகுணாகிட்டச் சொல்லல, போலீஸ்காரன் கேட்டப்பவும் சொல்லல. சொல்றதுக்கு அதுல ஒண்ணுமில்லை. ராவ் அந்தப் பையனைப் பாத்துப் போனாருன்னேன்ல? நாலு எட்டு வெச்சதும் நின்னாரு. நின்னு, நாங்க இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. பாத்து, "வாங்க"ன்னாரு. தமிழ்ல. மெதுவா, பார்க்குல கூப்பிடற மாதிரியே. ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு, அப்பறம் தனியாப் போனாரு.

யாரைக் கூப்பிட்டாருங்கறீங்க? நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கறேன். அந்தப் பையனைத்தான் கூப்பிட்டிருப்பாரு. மரியாதை தெரிஞ்ச மனுசனுங்க, சுட வந்தவனைக் கூட வாங்கன்னுதான் சொல்லுவாரு. அவனுக்குத் தமிழ் தெரியாதுங்கறது அந்த அவசரத்துல அவருக்கு மறந்துபோயிருக்கும்.